ஆடியில் போட்ட பல் கம்பி

20-7-98, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாவு அரைக்கக் கரண்ட் இல்லை.

கவிதாவை அல்சூர் பல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு முன்பல் நுனி இப்படித் தேயலாமா? வயிற்றில் பூச்சி, அதனால்தான் பல்லைக் கடிக்கிறாள் என்று அண்ணி (இவருடைய அக்கா) சொன்னதை நம்பி, வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், பாவம்.

டாக்டரம்மா டார்ச் அடித்து என்னையே பார்க்கச் சொன்னார். "மேல் பல்லு கீழ்ப் பல்லுக்கு முன்னாடி உக்காரணும்மா. இவளுக்கு நுனியும் நுனியும் முட்டுது. ஒன்ன ஒன்னு ராவுது." கம்பி போட்டால் சரியாகுமாம். தேய்ந்தது மட்டும் வளராதாம். அச்சு எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

21, செவ்வாய்

விரதம். துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு. திரும்பி வந்தால் ஒக்கலிபுரத்திலிருந்து அண்ணி! இவர் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

"ஆடி மாசத்துல யாராச்சும் புதுசா ஒன்ன ஆரம்பிப்பாங்களா? அதுவும் பொண்ணு வாயில இரும்பு! தசரா கழியட்டும்."

இவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. "அக்கா சொல்றதும் சரிதானே."

போன வருஷம் டாக்டரிடம் காட்டலாம் என்றதற்கும் இதே ஆடிதான். பிறகு தசரா. பிறகு அண்ணி மகளின் கல்யாணம்.

"ஆடி முடியிற வரைக்கும் பல்லு தேயாம காத்துக்கிட்டு இருக்குமா?" கேட்டேவிட்டேன். அண்ணி காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

24, வெள்ளி

அம்மன் கோயிலில் கவிதா பெயருக்கு அர்ச்சனை. அப்படியே டாக்டரம்மாவிடம்.

ஒளித்துப் போகவில்லை. "நாங்க கிளம்பறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டினேன். இவர் வாசலில் நின்றார். "ராகு காலம் முடிஞ்சிடுச்சா?" என்றார். அவர் சம்மதம் அவ்வளவுதான். போதும்.

கம்பி போட்டாயிற்று. வழியெல்லாம் ஆட்டோ கண்ணாடியில் பல்லையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

26, ஞாயிறு

வெயில். கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அண்ணியும் வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் கவிதாவின் தாடையைப் பிடித்து, "ஐயோ, என்னடி கோலம் இது? எவன்டி கட்டிப்பான் உன்ன?"

"பல்லு அவ மெல்லறதுக்கு, அண்ணி. யாரும் வந்து பாக்கறதுக்கு இல்ல." என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

கம்பி போட்டதிலிருந்து வலி, இட்லிகூட மெல்ல முடியவில்லை அவளால். கூழ் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சொம்பைத் திரும்பத் திரும்ப நீட்டினாள். ஆடி ஆகாதாமே! ஆத்தா ஊற்றுகிறாள், என் பெண் குடிக்கிறாள்.