ஹாப்ஸ் பூத் தலையணை

என் பிடிவாதக்காரனுக்கு,

பீரில் கசப்புக்குப் போட என்று ஷெட்டுக்குப் பின்னால் நீ நட்ட ஹாப்ஸ் கொடி இந்த மார்ச்சில் கூரையைத் தாண்டிப் பூத்துக் கிடக்கிறது. வெட்டி எறியத்தான் கத்தரியோடு போனேன். பக்கத்து வீட்டு டார்சி வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"வீணாக்காதம்மா! எங்கிட்டக் குடு, பீர் காய்ச்சிடறேன்."

"குடிய விடத்தான் அந்த மனுஷன் ஆறு மாசமா ஹோபார்ட் மறுவாழ்வு இல்லத்துல கெடக்கான். தெரிஞ்சே கேக்குறீங்களா?"

"அவனுக்கா கேட்டேன்? எனக்குத்தான்!"

சிரித்துவிட்டேன். ஆனாலும் கொடுக்கவில்லை. நீ பீர் காய்ச்சும் பெரிய பாத்திரத்தில் இப்போது ஆப்பிள் ஜாம் கிண்டுகிறேன்.

தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தாய். தூக்கம் வராதவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இந்தப் பூவைத்தானே தலையணையில் அடைத்துக் கொடுப்பார்கள்? பறித்துக் காயவைத்து, உன் பழைய கட்டம்போட்ட சட்டைத் துணியில் தைத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் நானே ஒரு நாள் தலைக்கு வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தூங்கினேன். விடியும்போது அந்த வாசனையில், நீ குடித்துவிட்டு ஷெட்டிலிருந்து வந்து பக்கத்தில் படுத்திருப்பதாக நினைத்து, வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு உன் பக்கம் திரும்பினேன். வெறும் மெத்தைதான் இருந்தது.

இந்த வாசனை உன்னைப் பழையபடி குடிக்கு இழுத்தால் அங்கே வைத்துக்கொள்ளாதே. திருப்பி அனுப்பிவிடு. எனக்கு வேண்டும்.

உன்னவள்