காரின் பின்னே ஊற்றிய தண்ணீர்

டிரானா,
செப்டம்பர் கடைசி

அன்புள்ள ஷஹ்லாவுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? உன்னோடு போனில் பேசக் கூடாது என்று என் கணவர் பெஸ்னிக்கின் அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் இதை இஸ்தான்புல்லில் இருக்கும் உன் தங்கை மூலமாக அனுப்புகிறேன்.

அரசின் கணினிகள் இன்னும் சரியாகவில்லை. எல்லாம் இனி இணையத்தில்தான் என்று பெருமையாகக் கவுண்டர்களை மூடியவர்கள், இப்போது பழைய ரப்பர் முத்திரையைத் தேடி அலமாரியைக் குடைகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனேன். "நீங்க பொறந்தது நிஜந்தாம்மா, காட்டத்தான் ஒண்ணுமில்ல" என்றார் கிளார்க். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். கணினிகளை மீட்கிறோம் என்று வாரக்கணக்கில் அலுவலகத்திலேயே கிடந்த பெஸ்னிக், அடையாளம் தெரியாத தாடியோடு வீடு வந்தார்.

கணினிகளை நாசம் செய்தது உன் அரசின் ஆட்கள் என்று எங்கள் அரசு அறிவித்து, உங்கள் தூதரகத்தார் எல்லோரும் ஒரே நாளில் வெளியேற வேண்டும் என்றது. மறுநாள் காலை உங்கள் தூதரக முற்றத்தில் காகிதம் எரிந்தது. எதிர்வீட்டு மாடியில் நான் உலர்த்திய துணியெல்லாம் சாம்பல். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

என் தம்பி ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, நீதானே ஜக்கில் தண்ணீரோடு ஓடி வந்தாய்? "போறவங்க பின்னாடி தண்ணி ஊத்தணும்டி, அப்பத்தான் நல்லபடியா திரும்பி வருவாங்க" என்றாய். உங்கள் கார் வாசலைத் தாண்டியதும் நானும் ஜக்கோடு ஓடினேன். அத்தனை கேமராக்கள் முன்னால் தெருவில் ஊற்றினேன். கார்க் கண்ணாடி கறுப்பு. நீ பார்த்தாயா என்று தெரியவில்லை.

அன்று மாலை அது டிவியில் வந்தது. அவர்கள் மிதித்த தெருவை நாட்டுப்பற்றுள்ள ஒரு பெண் கழுவிவிட்டாள் என்றார்கள். ஷஹ்லா, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதுவரை உன்னோடு பழகியதற்காக என்னைக் குத்திக்காட்டிய அக்கம்பக்கத்துப் பெண்கள், இப்போது போட்டி போட்டுக்கொண்டு காபிக்குக் கூப்பிடுகிறார்கள். பெஸ்னிக்கின் மேலதிகாரி கைகுலுக்கிப் பாராட்டினாராம். உண்மையைச் சொன்னால் பெஸ்னிக்கின் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டு எல்லார் வீட்டிலும் காபி குடிக்கிறேன். இத்தனை பேர் நடுவில் இவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

அந்தத் தண்ணீர் எதற்கு என்று பெஸ்னிக்குக்குத் தெரியும். ஒரே ஒருமுறை கேட்டார்: "கம்ப்யூட்டர் விஷயம் அவளுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்குமா?" உன்னிடம் அதை நான் கேட்கப் போவதில்லை.

நீயும் அந்த டிவிக்காரர்கள் சொன்னதை நம்பிவிடாதே. இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை உனக்கு மட்டும் எழுதுகிறேன்: நான் தெருவைக் கழுவவில்லை. நீ திரும்பி வரத்தான் ஊற்றினேன். பத்திரமாக இரு. வா.

என்றும் உன்,
எதிர்வீட்டு மிர்யேதா