எட்டாவது பாரின் கடைசிச் சுரம்

ஜூன் 8, ஞாயிறு

விவேக் நகரில், டென்சில் வீட்டில் வழக்கமான வாசிப்பு. அவர் பியானோ, நான் பேஸ் கிட்டார், மைக்கேல்ராஜ் டிரம்ஸ். அதே பன்னிரண்டு பார் ப்ளூஸ். பார் என்ற ஒவ்வொரு தாளக் கட்டத்துக்கும் நான்கு சுரம் நடந்து, நான்காவதில் அடுத்த கார்டின், அதாவது பியானோவின் அடுத்த சுரக்கூட்டின், வாசலில் போய் நிற்க வேண்டும். என் வேலை அவ்வளவே. எட்டாவது பாரின் முடிவில் ஜி சுரத்துக்கு நான் மேலிருந்து, அதை ஒட்டிய ஏ ஃப்ளாட் வழியாக, இறங்குவேன். கீழிருந்து ஏறுவதே முறை என்பது டென்சிலின் கட்சி. இன்றும் வாசிப்பை நிறுத்தினார்.

"புரொபசர், உங்க ஏ ஃப்ளாட் என் கார்டைக் கடிக்குது."

"உங்க கார்டை நகர்த்திக்குங்க."

முப்பது ஆண்டுகளாக இதே வழக்கு. கணிதம் கற்பித்தவள் எளிதில் தோற்பதில்லை.

ஜூன் 22

டென்சிலின் இடது கை கீழ்ச் சுரங்களில் இறங்கி என்னை இடித்தது. பேஸ் வாசிக்க ஆளிருக்கும்போது பியானோக்காரர் அந்தப் பக்கம் வருவதில்லை. அவர் அறியாததன்று. மூப்பா?

ஜூன் 29

மறுபடியும். இம்முறை அந்தக் கை நான்கு நான்காக நடந்தது.

"அப்ப நான் எதுக்கு இங்க?" என்று கேட்டேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். மைக்கேல்ராஜ்தான் வாயைத் திறந்தான்: "இன்னும் சொல்லலையா நீங்க?"

டென்சிலை அவர் மகள் நோரா கடல் கடந்து பெர்த் நகரத்துக்கு அழைத்துக்கொள்கிறாளாம். ஆகஸ்டில் பயணம். அங்கே பேஸ் வாசிக்க எவருமில்லை; தனியே வாசிப்பதற்காக இடது கையைப் பழக்கியிருக்கிறார்.

என்னிடம் சொல்லுமுன் தன் கையிடம் சொல்லிவிட்டார்.

ஜூன் 30

எனக்கு என்ன உரிமை? மோதிரமா, வாக்குறுதியா? வாரத்தில் ஒரு மாலை. அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? போகட்டும். போய்த் தொலையட்டும் —

போகவேணாம்னு யாராவது சொல்லுங்களேன் அந்த ஆளுகிட்ட.

ஆகஸ்ட் 3

கடைசி வாசிப்பு. எட்டாவது பாரில், அவர் விரும்பியபடியே, கீழிருந்து ஏறினேன். பியானோ நின்றது.

"என்ன புரொபசர் இது?"

"நீங்க கேட்டதுதான்."

"வேணாம். பழையபடியே வாசிங்க."

வாசித்தேன். கடித்தது.

ஆகஸ்ட் 9

போய்விட்டார்.

செப்டம்பர் 14

தனியே வாசித்தேன். எதிர்வீட்டு வேதநாயகி கதவருகில் நின்று கேட்டாள்: "என்ன பாட்டு டீச்சர்? சும்மா நடந்துகிட்டே இருக்கு, எங்கயும் போய்ச் சேரலியே."

காது கூர்மைதான் அவளுக்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

பெர்த்திலிருந்து டென்சில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறார். தனிப் பியானோ. இடது கை நடக்கிறது. என் நடை, நான் தயங்கும் இடங்களில் தயங்கி. எட்டாவது பாரின் முடிவில் ஏ ஃப்ளாட். மேலிருந்து. தம் கார்டைத் தாமே கடித்துக்கொள்கிறார்.

பதில் அனுப்பினேன்: "எட்டாவது பார் தவறு."

உடனே வந்தது: "தெரியும், புரொபசர்."

பேஸின் கம்பிகளைத் தளர்த்தி உறையிலிட்டுவிட்டேன். ஒரு பாட்டுக்கு இரண்டு பேஸ் ஆகாது.