மனைவியையும் சேர்க்கலாமாம்

செவ்வாய், இரவு

கனடா இராணுவ முகாமில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்குப் பல் காப்புறுதிப் படிவம் வந்தது. "உங்களுக்கு மட்டும்தானாம், மனிசிக்கு இல்லையாம்" என்று என் மனைவி பரமேஸ் வாசித்துச் சொன்னாள். என் கடிதங்களை எப்போதும் அவள்தான் வாசிப்பாள். இப்போது நானும் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். அவள் குளிக்கும்போது எழுத்துக்கூட்டி வாசித்தேன். மனைவியையும் சேர்க்கலாம் என்று இருக்கிறது. நானே வாசித்துவிட்ட சந்தோஷம் அடங்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது.

சாப்பாட்டில், ஸ்காபரோவில் வாங்கிய ரோஸ் பாண் ரொட்டியின், தனக்குப் பிடித்த கருகிய ஓரத்தை எனக்குத் தந்தாள். அதை அவள் ஒருநாளும் தந்ததில்லை.

"பல்லு நோகுதோ?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்."

"அப்ப நீர் கடியுமன்."

கடிக்கவில்லை. பல் வைத்தியரின் ஊசிக்குப் பயந்தவள்.

படிவத்தில் இருவரையும் சேர்த்து, உறையை ஒட்டிவிட்டேன். இவ்வளவு காலமும் வேறு எதையெல்லாம் மாற்றி வாசித்தாளோ. கேட்கப் பயமாக இருக்கிறது.