அடுப்பு மூட்டாத இரண்டு நாள்

அக்கா,

நேற்று அரியலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வந்தாள். அந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு உடையார்பாளையத்தில் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். இரண்டு அடுப்பு வைத்தோம், பேச்சையும் நிறுத்தினோம். எதில் தொடங்கியது என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவோம். அந்தப் பிள்ளைகள்தான் ஒரு கோடை லீவில் ஏற்காடு போகவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். மாட்டை யார் பார்ப்பது என்று நீங்கள் மறுத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

பெரம்பலூர், வேப்பந்தட்டை தாண்டியும் நீங்கள் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. மலை ஏறும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஓடும் வேனில் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தீர்கள். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்கருகே வைத்து, தலையை மடியில் சாய்த்துக்கொண்டீர்கள்.

மறுநாள் விடியலில் பழக்கத்தில் இருவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. தெளிக்க வாசல் இல்லை, கறக்க மாடு இல்லை. லாட்ஜ் வராந்தாவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். கீழே கடையிலிருந்து டீ வந்தது.

"கல்யாணமாயி வந்ததுலேருந்து, யாரோ போட்ட டீய உக்காந்து குடிக்கிறது இன்னிக்குத்தான்," என்றீர்கள்.

அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. நர்ஸுக்குப் படிக்க இடம் கிடைத்தும் வீட்டில் அனுப்பவில்லை என்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்குத் தெரியாது. வீட்டில் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வேலையே இல்லாத இடத்தில்தான் ஆளைப் பார்த்தோம்.

திரும்பிய பிறகும் அடுப்பு இரண்டுதான். ஆனால் குழம்புக் கிண்ணம் இங்குமங்கும் போய் வந்தது. அதன் பிறகு எந்த லீவும் சும்மா போகவில்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போய் வந்ததைக்கூட நீங்கள் டூர் என்றே சொல்வீர்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் இந்த வருடம் எங்கே என்று கேட்டீர்கள். நாம் பார்க்காத கடலுக்கு என்றேன்.

"நான் வரலன்னாலும் நிறுத்திப்புடாத, புள்ள."

நிறுத்தவில்லை அக்கா. இந்த மே மாதம் எல்லோரும் ராமேஸ்வரம் போனோம். கரையிலேயே நில்லுங்கள் என்று உங்கள் மகன் சொன்னான். இடுப்பிலிருந்த உங்கள் பேத்தியை அவனிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். உங்களுக்கும் சேர்த்து நனைந்தேன்.