சுத்தத் தண்ணீர் பாட்டில்

சாந்தோம்
மார்ச் 3, 2025

அஸ்வினி,

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய், அதனால் தாளில் எழுதுகிறேன்.

பழைய வேலையில் நாம் சேர்ந்து எடுத்த அடையாற்றுத் தண்ணீர் மறுபரிசோதனைக்கு வந்திருக்கிறது. எங்கே தெரியுமா? நான் இப்போது வேலை பார்க்கும் லேபுக்கே! மீன் நீந்திய தண்ணீரில் அதன் டிஎன்ஏ மிதக்கும், ஒரு பாட்டில் போதும், வலையே வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே. தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆற்றில் இருக்கிறதா என்று பார்க்கப் போனோம். ஒப்பிட்டுப் பார்க்க நீ நிரப்பி வந்த சுத்தத் தண்ணீர் பாட்டிலிலும் கெளுத்தியின் டிஎன்ஏ வந்தது. அப்போது விசாரணைக் குழு முன்னால் என்ன சொன்னாய்?

"ஜெனிதா அம்மா மீன் விக்கறாங்க சார். அவ கையிலேர்ந்து ஒட்டியிருக்கும்."

என்னை வேலையிலிருந்து துரத்தினார்கள். எங்கம்மா தேசம்மா விற்பது சங்கராவும் வஞ்சிரமும். கெளுத்தி எங்கள் கூடையில் ஏறியதே இல்லை. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சங்கரா குழம்பை வழித்துச் சாப்பிட்டு, மீன் வாடை போக சோம்பு மென்றுகொண்டே உன் வீட்டுக்குப் போனவளுக்கு அது தெரியாதா?

ஜெனிதா

மந்தைவெளி
மார்ச் 9

என் அன்பு ஜெனி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அம்மா சௌக்கியமா?

பயந்துட்டேன்டி. அந்த பாட்டில் என்னோடு, எனக்கு நிச்சயமாகியிருந்த பாரத் என்பவரோட மீன் பண்ணைக்குப் போய் வந்தது. பிளீச்சிங் போட்டுக் கழுவ நேரமில்லை, குழாயில் நன்றாக அலசினேன், போதும் என்று நினைத்தேன். அவர் தடை செய்த கெளுத்தி வளர்ப்பது தெரிந்தால் கல்யாணமே நின்றிருக்கும். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாகப் போகிறது. அந்த பாட்டில் கெட்டுவிட்டது என்று மட்டும் எழுதிவிடேன், உனக்கு என்ன நஷ்டம்?

சங்கரா சமாச்சாரம் எங்காத்துல யாருக்கும் தெரிய வேண்டாம், ப்ளீஸ்.

உன் அச்சு

சாந்தோம்
மார்ச் 14

அஸ்வினி,

என்ன நஷ்டமா? வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, கையுறைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். அம்மா அன்றிலிருந்து தன் மீன் வாடை ஒட்டாமல் என் துணியைத் தனியாகத் துவைக்கிறாள். "என்னாலதானே உனுக்கு இப்டி ஆச்சு" என்கிறாள். அதைக் கேட்ட நாளெல்லாம் உன்னை எப்படி அழ வைப்பது என்றுதான் யோசித்தேன்.

பாட்டில் கெடவில்லை. ஃப்ரீசரில் பத்திரமாக இருந்தது. சுற்றுவட்டாரப் பண்ணைகளின் தண்ணீரும் எங்களுக்கு வந்தது, பாரத் குளமும் சேர்த்து. உன் பாட்டிலில் இருப்பது அந்தக் குளத்துக் கெளுத்திதான். சங்கரா துளிகூட இல்லை. என் கை சுத்தம்.

அறிக்கை நேற்றே குழுவுக்குப் போய்விட்டது. உன் கடிதத்தை இணைக்கவில்லை, தேவைப்படவில்லை. இனி நீ அழு. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நீ சாப்பிட்டதை உன் வீட்டில் சொல்ல மாட்டேன். அது எங்கம்மா கையால் போட்ட சோறு.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "அந்தப் பொண்ணு இனிமே இன்னாமே பண்ணும்?" என்று கேட்டாள். என்னவோ பண்ணட்டும், இந்த வாசலுக்கு மட்டும் வர வேண்டாம் என்றேன். இன்று அவளே என் துணியைத் தன் துணியோடு சேர்த்துப் போட்டுத் துவைத்தாள்.

மீன்காரி தேசம்மா மகள்,
ஜெனிதா