மைனர் கொத்திய கண்ணாடி

ஒக்டோபர் 7

இவர் முகம் மழிக்கும் கண்ணாடியை எங்கள் மைனர் புறா உடைத்துவிட்டது. வாசல் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். உள்ளே இன்னொரு ஆண் புறா நின்று தன்னை முறைப்பதாக அதற்கு நினைப்பு. கழுத்தை உப்பிக்கொண்டு கொத்திக் கொத்தி, கடைசியில் கண்ணாடி கீழே விழுந்து மூன்று துண்டு. அதோடு விட்டதா? ஒரு எதிரி மூன்று எதிரியாகிவிட்டானே. துண்டுகளையும் சுற்றி வந்து கொத்தியது.

இவர் சிரிக்கிறார். "தன் வாசல்ல இன்னொருத்தன் வந்து நின்னா ஆம்பள சும்மா இருப்பானா விஜி?"

"நாளைக்கு மைனரையே பசறை டவுனுக்கு அனுப்புங்க. புதுக் கண்ணாடி வாங்கிட்டு வரட்டும்" என்றேன்.

பெரிய துண்டை மட்டும் பிஸ்கட் டின்னில் எடுத்து வைத்தேன். பொட்டு வைக்க ஆகும்.

ஒக்டோபர் 9

மூன்று நாளாக மழை. நான் வேலை பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் பதினொரு குழந்தைகள், ஒன்றுக்கும் துணி காயவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய்மார் நனைந்த சாக்கோடு வந்து பிள்ளையைத் தூக்குகிறார்கள். ஈரம் ஈரத்தை வாங்கிக்கொண்டு போகிறது.

வீட்டுக்கு வந்தால் புறாச் செய்தி. கொழுந்து லொறியிலிருந்து விழுந்து இவர் இடுப்பு முறிந்து இரண்டு வருடமாகிறது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் இவர் பேர் கிடையாது. இப்போது இவருக்கு வேலை, ஊர் வம்பு, பேச்சுத் துணை எல்லாம் அந்த ஒன்பது புறாக்கள்தான். கங்காணி இன்றும் மழையோடு எங்கள் ஆறு காம்பரா லயத்தைச் சுற்றி வந்ததாம். பெரிய சாம்பல் புறா அது. காலையில் ஆட்கள் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக முதல் காம்பராவில் தொடங்கி, ஆறு வாசலிலும் தலையை நீட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். பறக்காது. வேலைக்கு வராதவர்களைப் பேர் எழுதுகிற மாதிரி ஒரு பார்வை. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா, "வர்றேன்யா, வர்றேன்யா" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் தலை முடிவாள்.

பின்சுவரில் ஒரு விரிசல் பார்த்தேன். நகம் போகிறது.

ஒக்டோபர் 12

விரல் போகிறது.

ஒக்டோபர் 15

பதுளையிலிருந்து மண்சரிவு பார்க்கும் ஆட்கள் வந்து மலையைப் பார்த்தார்கள். கஜரூபன் என்று ஓர் இளம் அதிகாரி, யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு. எங்கள் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு நுனியிலும் சீமெந்து பூசி ஒட்டினார். மெல்லிய கண்ணாடி, முகம் லேசாகத் தெரிகிறது.

"அக்கா, இது சும்மா சுவர் வெடிப்பு இல்லை. மலை இறங்குது. இண்டைக்கே எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ. மழை விட்டு நீங்கள் திரும்பி வந்தாலும் முதல்ல இந்தக் கண்ணாடியைப் பாருங்கோ. அது வெடிச்சிருந்தா ஒரு நிமிஷமும் உள்ளுக்கு நிக்கக்கூடாது."

என் தொலைபேசியில் இடமில்லாதது போல, இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலேயே தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். நல்ல பிள்ளை. பேசும்போது ஒரு தடவை கங்காணி அவர் சப்பாத்தைச் சோதனை போட்டது. அவர் சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 16

பாடசாலை மண்டபம். ஆறு குடும்பம். புறாக்களை மண்டபத்துக்குள் விட மாட்டோம் என்று அதிபர் சொல்லிவிட்டார், அதுவும் நியாயம்தான். பின்னாலிருக்கும் விறகுக் கொட்டிலில் இரண்டு மரப்பெட்டியில் அடைத்திருக்கிறார் இவர். நம் சட்டி பானை பாதி மேலேயே கிடக்கிறது. புறா ஒன்பதும் பத்திரம்.

ஒக்டோபர் 21

மறதி தின்னவில்லையாம். மறதி என்பது மைனரின் பெட்டை. முட்டை இடும், இட்ட இடத்தை மறந்துவிடும். என் சுளகில் இட்டிருக்கிறது, இவருடைய ரப்பர் கம்பூட்சுக்குள் இட்டிருக்கிறது. எதிலும் முழுசாக அடைகாத்ததில்லை. இங்கே வந்து ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. கங்காணி பெட்டிக்குள்ளேயே பெரட்டு நேரத்துக்கு எழுந்து, நான்கு அடி இந்தப் பக்கம், நான்கு அடி அந்தப் பக்கம் நடக்கிறது.

நாங்களும் மண்டபத்தில் அப்படித்தான். யாருக்கும் எங்கே கையை வைப்பது, எங்கே காலை நீட்டுவது என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 24

திறந்துவிட்டார்.

புது இடத்தில் முட்டை வைக்கும் வரை புறாவை வெளியே விடக்கூடாது என்று தோட்டம் முழுக்கப் பாடம் சொல்லுகிற மனுசன். எட்டே நாள். கேட்டால், "கங்காணி நடக்கிறதப் பாக்க முடியல விஜி" என்கிறார். ஒன்பதும் பாடசாலைக்கு மேல் ஒரே ஒரு வட்டம். அவ்வளவுதான். நேரே மேலே, லயத்துக்கு.

விரிசல் விழுந்த வீட்டுக்கு இவ்வளவு அவசரமாகப் போகுதுகளே, அறிவு கெட்டதுகள் என்று சொன்னேன். மாரியாயி அக்கா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒக்டோபர் 27

இடுப்பைப் பிடித்துக்கொண்டு தினமும் மேலே ஏறுகிறார். ஒரு டின் சோளம், அரை டின் குருணல். போய்வர மூன்று மணித்தியாலம். நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டே அந்த மலையைப் பார்க்கிறேன். ஏதாவது சத்தம் வருமா, வந்தால் இங்கே கேட்குமா?

சொல்லிப் பார்த்தேன். "இறங்குற மலை எனக்குச் சொல்லிட்டா இறங்கும்? நான் போனா என்ன, போகாட்டி என்ன?" என்கிறார். இதுக்கு என்ன பதில் சொல்றது? நான் ஒருத்தி இருக்கேன்ல? அது ஞாபகம் வராதா?

ஒக்டோபர் 31

தீபாவளி. யாரோ கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சல். வடை கூட இருந்தது. நன்றாகவே இருந்தது. சாப்பிட முடியவில்லை.

நவம்பர் 12

பரீட்சை வருகிறது, மாதக் கடைசிக்குள் மண்டபத்தைக் கொடுக்க வேண்டும். தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் வீட்டுக்காணி தருவதாகப் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. கஜரூபனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"நான் எழுதிக் குடுத்திட்டன் அக்கா. ரெண்டு தரம் குடுத்திட்டன். காணி எப்ப எண்டு எனக்கே சொல்லேலாமல் கிடக்கு. ஆனா அங்க திரும்பப் போகாதேங்கோ."

"வேற எங்க தம்பி போறது?"

அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கதைச்சுப் பாக்கிறன்" என்றார். பாவம், அவரிடம் என்ன இருக்கிறது கொடுக்க?

நவம்பர் 17

மாரியாயி அக்கா மொனராகலைக்குப் போகிறாள், மகள் வீட்டுக்கு. எங்களையும் கூப்பிட்டாள். "கரும்புத் தோட்டத்துல ஏதாச்சும் கெடைக்கும். வெயில் சுடும், ஆனா மலை இல்ல. வாங்க ரெண்டு பேரும்."

இவர் மறுப்பார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். மறுக்கவில்லை. "சரி, போவோம். புறா தானாப் பொழைச்சுக்கும்" என்றார். சொல்லிவிட்டு வெறும் சோளம் டின்னை எடுத்துக் கழுவப் போனார். கழுவ அதில் ஒன்றுமில்லை.

நான்தான் வேண்டாம் என்றேன். இதை மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும். தோட்டத்தில் வேலையும் குடியிருப்பும் உள்ளவர்களுக்குத்தான் காணி என்று சொல்கிறார்கள். போய்விட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பதினாறு வருடம் பிள்ளைக்காம்பராவில் இருந்திருக்கிறேன், இத்தனை குழந்தைகளின் மூக்கைத் துடைத்து வாங்கப்போகும் ஒரு துண்டுக் காணி அது. அதோடு, டின் கழுவிய அந்த முகத்தை மொனராகலையில் வைத்து தினமும் பார்க்க என்னால் முடியாது.

"காணிப் பட்டியல் வரட்டும். அதுக்கப்புறம் பாப்போம்" என்றேன்.

நவம்பர் 28

திரும்பி வந்துவிட்டோம். நாங்களும் இன்னொரு குடும்பமும் மட்டும். மற்ற நான்கு காம்பராவும் பூட்டு.

முதலில் கண்ணாடியைப் பார்த்தேன். முழுசாக இருக்கிறது.

கங்காணி வந்து வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தது. இத்தனை நாள் வேலைக்கு வராதவர்கள் அல்லவா. இவர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிருங்க கங்காணியாரே, உடம்பு சரியில்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். தேத்தண்ணி ஊற்றினேன், அடுப்பு நம் அடுப்பு, புகை நம் புகை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோசமாக இருந்தது.

டிசம்பர் 3

மறதி முட்டை இட்டிருக்கிறது. எங்கே? கண்ணாடிக்குக் கீழே, பின்சுவர் தரையை விட்டு விலகியிருக்கும் பிளவில். விளக்குமாற்றுக் குச்சி, தேயிலைக் குச்சி, என் தலைமயிர், எல்லாவற்றையும் கொண்டுவந்து பிளவை அடைத்து, அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. இவர் எடுத்துக் கூட்டில் வைக்கப் போனார். விடுங்க, இருந்துட்டுப் போகட்டும் என்றேன். குளிர்காற்று அந்தப் பக்கமாக வருவது நின்றிருக்கிறது.

டிசம்பர் 5

இரண்டாவது முட்டை.

டிசம்பர் 8

டொக் டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் மைனர், அதிகாரி ஒட்டிய கண்ணாடியைக் கொத்துகிறது. கூட்டுக்குப் பக்கத்திலேயே எதிரி நிற்கிறானே, விடுமா?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதை அள்ளி வெளியே எறிந்தேன். "இது உடைஞ்சா, மலை உடைச்சதா மைனர் உடைச்சதான்னு எப்படித் தெரியும்? சொல்லுங்க, எப்படித் தெரியும்?" இவர் ஒரு சாக்கை வெட்டி, கண்ணாடியை மூடி இரண்டு ஆணி அடித்தார். காலையும் மாலையும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பது என் வேலை.

டிசம்பர் 13

மைனரை வல்லூறு அடித்துவிட்டது. உயிர் இருக்கிறது, இடது சிறகு தொங்குகிறது. இவர் மஞ்சள் பூசி, சிறகை உடம்போடு சேர்த்துத் துணியால் கட்டினார். பிடித்துக்கொண்டிருந்த என் விரலைக் கொத்தியது. அந்த நிலையிலும் மைனர் மைனர்தான். கூடையில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். மூடியைக் கயிறு போட்டு நான்தான் கட்டினேன், இல்லாவிட்டால் சும்மா கிடக்காது.

பகலில் அடைகாப்பது ஆண் புறாவின் முறை. இப்போது ஆள் இல்லை. மறதி எழுந்து போய்விடும், முட்டை இரண்டும் குளிர்ந்துவிடும் என்று இவர் சொன்னார்.

டிசம்பர் 15

மறதி எழும்பவில்லை. பகலும் அதுதான், இரவும் அதுதான். இவர் தானியத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வைக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை மறக்காமல் இருக்கிறது. இந்த இடத்தில்.

டிசம்பர் 17

மழை. பட்டியல் பற்றி ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துக் குடும்பமும் இன்று போய்விட்டது. கங்காணி ஆறு வாசலுக்கும் போகிறது, ஐந்து பூட்டு. ஒவ்வொன்றிலும் அதே நேரம் நிற்கிறது.

டிசம்பர் 19

காலையில் இவர் முதலில் எழுந்து சாக்கைத் தூக்கியிருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. நான் போகும்போது அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடி நடுவில் நேராக வெடித்திருக்கிறது. இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு நெருப்புக்குச்சி போகும்.

சாக்கைத் திரும்பக் கீழே விட்டார். பிறகு இவர், "மைனர் வேலதான்" என்றார்.

மைனர் ஆறு நாளாகக் கூடைக்குள் கிடக்கிறது. கயிறு நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது. சாக்கு ஆணியோடு இருந்தது. இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஆமாங்க. அதுதான் கொத்தியிருக்கும்" என்றேன்.

கஜரூபன் நம்பர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. போன் எடுத்தால் வெளியே போங்கோ என்பார். எங்கே என்று நான் கேட்பேன். அந்தப் பிள்ளையை ஏன் திரும்பவும் பேச்சில்லாமல் நிறுத்த வேண்டும்?

எங்க போறது. எங்கதான் போறது. சொல்லுங்களேன் யாராவது.

டிசம்பர் 20

பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்தபோது பிஸ்கட் டின் திறந்து கிடந்தது. இவர் எங்கேயோ ஒரு பிடி சீமெந்து வாங்கி, முகம் பார்க்கும் கண்ணாடியின் அந்தப் பெரிய துண்டை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருந்தார். நன்றாக, நேராக, அந்த அதிகாரி ஒட்டியதை விடச் சுத்தமாக. பழைய துண்டுகளை எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை.

"குஞ்சு பொரிச்சதும் போவோம் விஜி."

"சரிங்க."

டிசம்பர் 22

ஒரு குஞ்சு வந்துவிட்டது. கண் திறக்கவில்லை, மஞ்சள் மயிர், அவ்வளவு அழகில்லை. மற்ற முட்டையில் கீறல் விழுந்திருக்கிறது. மறதி அதை வயிற்றுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. மழை விடவில்லை.

மைனரின் கட்டை அவிழ்த்துத் தரையில் விட்டோம். சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு கூட்டுப் பக்கம் நடந்தது. குஞ்சைப் பார்த்தது. பிறகு சுவரிலிருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றது. அது உடைத்த அதே கண்ணாடி, அதே எதிரி. கொத்தினால் நாங்கள் அன்று சொன்னது உண்மையாகிவிடும் என்பது போல நானும் இவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இவர் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

"கொத்துடா" என்றார் இவர், மெதுவாக. "ஒரே ஒரு கொத்து."